படுத்திருந்தேன்

கை மறுபடியும் இறுகத் தொடங்கியபோது தஸ்நேவிஸ் தூங்கிக்கொண்டிருந்தானா, தூங்குவதாக நினைத்துக்கொண்டு விழித்திருந்தானா என்பது அவனுக்கே தெரியவில்லை. இடுப்புப் பெல்ட்டில் கிடந்த சின்னப் பெட்டி முதலில் ஒருதரம் முனகும். முனகிய உடனே இடது கையை அசைக்காமல் நீட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பெண் சொல்லியிருந்தாள். நீட்டிப் போட்டான். முழங்கைக்கு மேலே பட்டை ஊதி, இன்னும் ஊதி, எலும்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பிடித்து, அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகு விக்கி விக்கித் தளர்ந்தது. பெட்டியைத் திருப்பினான். பிரசர் நூற்று ஐம்பத்தெட்டு, கீழே தொண்ணூற்றெட்டு. பாக்காதீங்க அங்கிள், பாத்தா கூடும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். பார்த்த பிறகு கூடுமா, பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பிலேயே கூடுமா என்று கேட்க வாயெடுத்து, பின்னால் வரிசையில் ஆள் நின்றதால் விட்டுவிட்டான். மணி பதினொன்றரை. ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியின் ஓரம் வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து கட்டிலின் அடுத்த பாதியில் விழுந்திருந்தது. தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச பிளாஸ்டிக் என்று ஆட்டோவில் பதிவுசெய்த குரல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்காத குரல். பட்டை கட்டிப் பார்த்தால் அந்தக் குரலுக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்தான். நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் சொல்ல ஆளில்லை என்பது அதற்கு அடுத்தபடியாக வந்தது. எப்போதும் அப்படித்தான், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது.

தப்பு அவனுடையதுதான். காலையில் டூட்டி முடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், தூக்கம் கண்ணில் மணலாக உறுத்த, அந்தப் பெண் நீட்டிய தாளை நிரப்பினான். பெயர், வயது ஐம்பத்தொன்று, ஐஸ் கம்பெனியில் வேலை. தூங்கும் நேரம் என்ற இடத்தில் இரவு பத்து முதல் காலை ஆறு என்று எழுதினான். யோசித்து எழுதியதில்லை. அந்த இடத்தில் எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள் என்று கை தானாக எழுதியது. பத்தொன்பது வருடமாக அவன் இரவு பத்து மணிக்குப் படுத்ததே பெரிய வெள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். ஆனால் பெட்டி அவன் எழுதியதை அப்படியே நம்பிவிட்டது. பகல் என்றால் அரை மணிக்கு ஒருதரம், இரவு என்றால் ஒரு மணிக்கு ஒருதரம் என்று திட்டம் போட்டுக்கொண்டு, அவன் தூங்க வேண்டிய நேரமெல்லாம் பிடித்துப் பிடித்து எழுப்பியது. இன்று ராத்திரி கம்ப்ரசர் பக்கத்தில் அவன் விழித்திருக்கும்போது அது தூங்கவிடும். அவன் சொன்னதை ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்காமல் நம்பிய இன்னொருத்தி, என்று தொடங்கிய நினைப்பை முடிக்காமல் மறுபக்கம் புரண்டான். பட்டையின் குழாய் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மறுபடி புரண்டான்.

தலைமாட்டில் இன்னொரு தாள் இருந்தது. நேரம் ஒரு பக்கம், ‘என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ ஒரு பக்கம். அதையும் அவன் முடித்தாயிற்று. பத்து மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்தபோதே, பத்தரை முதல் சாயங்காலம் ஐந்து வரை பதினான்கு வரிசைக்கும் படுத்திருந்தேன், படுத்திருந்தேன், படுத்திருந்தேன் என்று எழுதிவிட்டான். கம்பெனியில் லாக் புக் எழுதுவது இப்படித்தான். மணிக்கு ஒருதரம் போய் அமோனியாக் குழாயின் கேஜைப் பார்த்து முள் நிற்கிற இடத்தை எழுத வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டு மணிக்கே நாலு மணி வரைக்கும் எழுதி வைத்துவிட்டு டப்பாவில் ஐஸ் இறுகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எல்லா நைட் ஆப்பரேட்டரும் செய்வது. முள் பெரிதாக அசையாது. அசைந்தால் காது சொல்லும். கம்ப்ரசர் கொஞ்சம் இழுத்து மூச்சுவிட்டால்கூட அவனுக்குத் தெரியும், தூக்கத்தில் கிடந்தாலும் எழுந்து போய் வால்வைத் திருப்புவான். அவ்வளவு கேட்கிற காது போன வியாழக்கிழமை தன் நெஞ்சு இழுத்ததைக் கேட்கவில்லை. ஐஸ் டப்பாக்கள் முங்கிக் கிடக்கும் உப்புத்தண்ணித் தொட்டியை மூடிய பலகைமேல் நடந்துகொண்டிருந்தவன் பலகையிலேயே உட்கார்ந்தது நினைவிருக்கிறது; படுத்தது நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது கூட வேலை பார்க்கும் மரியநாயகம் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். “தஸ்நேவிஸ்னு பனிமாதா பேர வச்சிக்கிட்டு ஐஸ் கம்பெனியில மயங்கி விழுந்த ஒரே ஆளு ஒலகத்துலயே நீருதான் வே. இன்னும் ஒரு அடி தள்ளி விழுந்திருந்தா காலையில ஒம்மையும் ஐஸ் பாரோட சேத்து அரைச்சி மீனுக்குப் போட்டிருப்பாங்க.” எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் புது மேனேஜர் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, நீங்க விழுந்தா அது என் தலைமேலதான் வந்து விழும். நைட் வேலைக்கு ஃபிட்டுன்னு டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க. இல்லையா, பகல்ல கேட்ல உக்காருங்க. நிழல்தானே?” டாக்டர் பேப்பரில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டார். ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாராம்.

பகலில் கேட். அதை நினைத்ததும் பெட்டி முனகாமலே கை கனத்தது. காலை எட்டுக்குப் போய், லாரி நம்பர் எழுதி, ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆறு மணிக்கு வந்து. அங்கே நினைப்பு நின்றது. நின்ற இடத்தில் திரும்பத் திரும்ப மோதியது, ஆறு மணிக்கு வந்து, ஆறு மணிக்கு வந்து. விளக்குப் போடும் நேரம் வீடு எப்படி இருக்கும் என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. மாடியில் இருப்பவர்கள் டிவி போடுவார்கள், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவார்கள், பிறகு ஒவ்வொரு சத்தமாக அணையும். அதன் பிறகு எட்டு மணி நேரம் இந்தக் கட்டில். ரோசாலி ஓசூருக்குப் போய் இருபது மாதம் ஆகிறது. மகள் ஜெசிந்தாவின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், நின்றது. தவழட்டும் என்றாள்; இப்போது அது ஓடுகிறதாம். ஜெசிந்தாவும் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், நியாயம்தான். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகளின் போனில் பேத்தியின் முகம் வரும், அதன் பின்னால் ரோசாலியின் தோள் ஒன்று வரும். “சாப்டியளா?” “சாப்ட்டேன்.” “மழையா?” “இல்ல.” அவ்வளவுதான். வா என்று அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் எங்கே போகிறது?

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பெட்டியும் கூடவே முனகியது. நூற்று ஐம்பத்தொன்று. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கேஜ் இடுப்பிலேயே இருக்கிறது, எந்த நினைப்பு வால்வு என்று கண்டுபிடித்துவிட்டால் போதாதா? எதைத் திறந்தால் முள் ஏறுகிறது, எதை மூடினால் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டால், நாளைக் காலை வரைக்கும் அதைத் தொடாமல் இருந்துவிட்டு டாக்டரிடம் பேப்பரை வாங்கிவிடலாம். தப்பில்லையே. மெஷினை ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுகிறான். அடுத்த அரை மணிக்கு மேனேஜரை நினைப்பது என்று முடிவு செய்தான். நினைத்தான். நிழல்தானே என்று அவர் சொன்னது, சொல்லும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, இவன் கம்பெனிக்கு வந்த வருடம் அவர் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாப்பு படித்திருப்பார் என்பது. பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தான். நூற்று நாற்பத்தொன்பது. ஆச்சரியமாக இருந்தது. கோபம் என்று இத்தனை வருடம் எதைச் சுமந்தானோ அது இரண்டு புள்ளிகூட இல்லை. அடுத்த தடவைக்கு, பேச்சுவார்த்தை விட்டுப்போன மைத்துனனை நினைத்தான், நூற்று ஐம்பது. ஒருவேளை பல்லைக் கடித்ததுதான் அந்த நூற்று ஐம்பதோ என்று தாடையைத் தளர்த்திப் பார்த்தான். நிலைக்கவில்லை. தளர்த்திய மறு நொடி அது தானாக மூடிக்கொண்டது, காற்றுக்குச் சாத்திக்கொள்ளும் கதவாக. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. தோள் காதருகே ஏறியிருந்தது. இதெல்லாம் எப்போது இப்படி ஆனது? கீழிறக்கி வைத்தான். இறக்கி வைத்த தோளோடு படுத்திருப்பது வேறொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. தண்ணீர் குடித்தான். ஒன்றையுமே நினைக்காமல் இருப்போம் என்று, கடற்கரைச் சாலையில் காலையில் பார்த்த ஒரு நாயை நினைத்தான். மீன்கூடைக்கு அடியில் உருகி வழிந்த ஐஸ்தண்ணீரை நக்கிக்கொண்டிருந்த நாய். நாக்கு, தண்ணீர், சிமெண்டுத் தரை. ஈரத்துணி. தரையில் பிழிந்து போட்ட ஈரத்துணி. மார்பைச் சுற்றிக் கட்டிய துணி.

அதை அவன் கூப்பிடவில்லை. தானாக வந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஜெசிந்தாவுக்கு ஏழு வயதில், எட்டாம் மாதத்தில் ஒரு பையன் பிறந்தான். அழவில்லை. அழாதவனுக்குப் பெயர் வைப்பதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரும் சித்தியும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தஸ்நேவிஸும் கல்லறைத் தோட்டக்காரனும் ஒரு சின்னப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ரோசாலிக்குப் பால் கட்டியது. உடம்புக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. மார்பைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினார்கள், நனைந்ததும் அவிழ்த்துப் பிழிந்துவிட்டு வேறொன்று கட்டினார்கள். ராத்திரி அவள் இந்தக் கட்டிலின் அந்தப் பாதியில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அழுகைச் சத்தம் கேட்காது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும், நெடுநேரம் கழித்து ஒன்று, நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். எழுந்து அந்த முதுகில் கையை வைத்தால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் தூங்கினான். தூங்குகிறவன் எப்படி மூச்சுவிடுவான் என்று யோசித்து யோசித்து அதுமாதிரி விட்டான். இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெல்ல விட்டு. தாடையை அசைக்காமல். நாக்கை அசைக்காமல். நாற்பது ராத்திரி. பிறகு ஒருநாள் அப்போதிருந்த மேனேஜரிடம் போய்ச் சொன்னான், சார், நைட்டுக்கு ஆள் கேட்டியளே, நான் பாக்குதேன். வீட்டுக்கு வந்து ரோசாலியிடம் சொன்னான், “நைட்ல போட்டுட்டானுவ.” அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள், “எத்தன நாளைக்கி?” “கொஞ்ச நாளைக்கிதான்.”

பட்டை எலும்பைப் பிடித்தது. நூற்று எழுபத்தொன்று. கீழே நூற்று நாலு.

அதுதான் வால்வு. தொடாதே என்றான் தனக்குள். மூடு, வேறு ஏதாவது நினை, பார் கணக்கை நினை, இருநூற்று நாற்பது டப்பா, தொட்டியில் உப்பு எவ்வளவு. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது காதில் கேட்டது. அந்தக் காதுதான், கம்ப்ரசருக்காகப் பழகிய காது, இப்போது இந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. கேட்டுக்கொண்டே கிடந்தான். இழுக்கிறது, கொஞ்சம் நிற்கிறது, மெல்ல விடுகிறது. நிற்கிற இடத்தில் எண்ணினான்; மூன்று, நாலு. யார் இப்படி மூச்சுவிடுகிறவன்? வியர்த்தது. அறையில் ஆளில்லை. கட்டிலின் அடுத்த பாதியில் வெயில் கோடு மட்டும் கிடந்தது. இருபது மாதமாக அங்கே யாரும் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சவில்லை. ஆனாலும் இந்த உடம்பு தூங்குகிறவன்மாதிரியே நடித்துக்கொண்டிருந்தது, தாடையைப் பூட்டி, நாக்கை ஒட்டி, தோளைத் தூக்கி. போதும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. இதே மூச்சோடுதான் பலகைமேல் நடந்திருக்கிறான். இதே மூச்சோடுதான் பத்தொன்பது வருடம் பகலெல்லாம் இந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னால் கிடந்திருக்கிறான், அதற்குத் தூக்கம் என்று பெயர் வைத்து. பயமாக இருந்தது. செத்துப்போவதைப் பற்றிய பயமாகத் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தான். தாளை எடுத்துப் பார்த்தான். படுத்திருந்தேன், படுத்திருந்தேன். அவனுடைய கையெழுத்து அழகானது, பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியது. அழகாகவே எழுதியிருந்தான். இரண்டு மணிக்குப் பெட்டி பிடித்துவிட்டதை அவன் திருப்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் யாரும் ஓசூருக்குப் போன் செய்வதில்லை. ரோசாலியின் சின்ன போனுக்கு அவன் கூப்பிட்டே வெகுநாளாகிறது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்ன? என்னாச்சி? யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”

“சும்மாவா? இந்நேரத்துலயா? தூங்கலியா நீங்க?”

“தூக்கம் வரல.”

“இவ இப்பத்தான் சோத்தத் துப்பிட்டு தட்டத் தட்டிக்கிட்டு இருக்கா. கேக்குதா? எல்லாம் ஒங்க பக்கத்துப் பிடிவாதம்.” கேட்டது. எவர்சில்வர் தட்டில் கரண்டி. “என்ன விசயம், சொல்லுங்க.”

சொல்ல வாயெடுத்தான். பெட்டி முனகியது. இரண்டரை மணி. கை தானாக நீண்டது, வாய் தானாக மூடிக்கொண்டது. பட்டை ஊதியது.

“இருக்கியளா?”

ஊதியது.

“என்னங்க... கேக்குதா? இந்தா, இதான். போனும் பண்ணிட்டு வாயையும் மூடிக்கிடுதது.” அவள் பெருமூச்சுவிட்டது இவன் காதில் பட்டது. “சரி. ஞாயித்துக்கெழம பேசலாம். வச்சிருதேன்.”

போனைக் காதிலிருந்து எடுக்கும்போது துணி உரசும் சத்தம். தட்டுச் சத்தம் தூரமாயிற்று.

“வைக்காதட்டி. ரோசாலி, வைக்காத. அந்த நைட் டூட்டி அவங்க போடல. நானாப் போயிக் கேட்டு வாங்கினேன்.”

பட்டை சட்டென்று காற்றைவிட்டுத் தொய்ந்தது. பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு குறி மட்டும் மினுங்கியது. நிறையத் தப்பு வந்தா நாளைக்கும் கட்டணும் அங்கிள் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொல்லியிருந்தாள். அந்தப் பக்கம் பிள்ளையிடமிருந்து கரண்டியை வாங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“தெரியும்” என்றாள்.

“எப்ப?”

“அந்த மாசமே. ரேசன் கடையில மேனேஜர் வீட்டம்மா சொன்னா. ஒங்க வீட்டுக்காரரு எவ்ளோ நல்ல மனுசன், யாரும் ஒத்துக்கிடாத நைட்டக் கேட்டு வாங்கிருக்காருன்னு. நானும் ஆமாக்கா ஆமாக்கான்னு சிரிச்சிக்கிட்டு மண்ணெண்ண வாங்கிட்டு வந்தேன்.”

“ஏன் நீ கேக்கல?”

“கேட்டா? பகலுக்கு மாத்திக்கிட்டு வந்திருவிய. வந்து மறுபடியும் அதே மாதிரி கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பிய. தூங்குத மனுசன் அப்பிடியா மூச்சுவிடுவான்? எனக்குத் தெரியாதாக்கும்.”

தாடை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டான். அப்போது பெட்டி மறுபடி முனகியது. விட்டுப்போனதைத் திரும்பப் பிடித்துப் பார்க்குமாம்.

“அது என்ன சத்தம்?”

ஒண்ணுமில்ல என்பது நாக்கின் நுனியில் வந்துவிட்டது. “பிரசர் பாக்குத பெட்டி. கையில கட்டிருக்கு. போன வியாழக்கெழம கம்பெனியில விழுந்துட்டேன்.”

“ஏசுவே! இத ஞாயித்துக்கெழம ஏன் சொல்லல?”

“மழையான்னு கேட்ட. இல்லன்னு சொன்னேன்.”

“ஒங்கள...” என்றவள் பிள்ளையிடம் என்னவோ அதட்டினாள். குரல் உடைந்திருந்தது. “அது இறுக்கும்போது பேசலாமா?”

“பேசக்கூடாதாம்.”

“அப்ப பேசாதிய.”

“பேசுதேன்” என்றான். பட்டை பிடித்தது. “நம்பர் நல்லால்லன்னா டாக்டர் நைட்டுக்குப் பேப்பர் தரமாட்டாரு. பகல்ல கேட்ல ஒக்காரணும். ஆறு மணிக்கி வீட்டுக்கு வந்திரணும்.”

“வந்து?”

அவன் நினைப்பு காலையிலிருந்து மோதிக்கொண்டிருந்த அதே இடம். அவள் வாயால் கேட்டபோது அது வெறும் கேள்வியாக இருந்தது.

“தெரியலட்டி. அதுதான் பயமா இருக்கு.”

பட்டை தொய்ந்தது. பெட்டியில் அதே குறி. அவன் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ரோசாலி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாப்பிள்ளகிட்ட ரயிலுக்கு டிக்கெட் இருக்கான்னு கேக்குதேன்” என்றாள் கடைசியில். “வருவேன்னு சொல்லல. கேக்குதேன்.”

“கேளு.”

“வெறும் வயித்துல கெடக்காதிய. எந்திச்சி சாப்பிடுங்க. அப்பறம் கூப்பிடுங்க, நீங்களா.”

போனை வைத்த பிறகு வீடு முன்புபோலவே இருந்தது. மாடியில் மிக்ஸி ஓடியது. வெயில் கோடு கட்டிலை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. அவன் தாளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டரைக்கு எதிரே இருந்த படுத்திருந்தேன் என்பதை அடித்துவிட்டு, மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினான். ஒன்றரைக்கு எதிரே இருந்ததைப் பார்த்தான். நூற்று எழுபத்தொன்று அங்கேதான். அதையும் அடித்தான். ‘தூங்குவதுபோல் கிடந்தேன்’ என்று எழுதினான். டாக்டர் என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும். பிறகு மூன்று மணி முதல் ஐந்து மணி வரைக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ஐந்து வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தான். அங்கே என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.